முழு அகதி

யோகமலரிடம் இரண்டு சேலைகள் இருந்தன. அவளுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஒன்று, மண்டபம் முகாமில் யாரோ கொடுத்த பூப்போட்ட நைலக்ஸ். பூக்கள் எல்லாம் வெளுத்து, எங்கே பூ எங்கே துணி என்று தெரியாத நிலைமை. இன்னொன்று வெள்ளைப் பருத்திச் சேலை. புத்தம் புதியது. அவளுடைய கணவன் தவராசா கம்மாபுரம் பக்கம் பெயின்ட் அடிக்கப் போய், முதல் கூலி வாங்கிய கையோடு முதுநகர்க் கடைத்தெருவில் எடுத்துக் கொடுத்தது.

வெள்ளைச் சேலை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. முல்லைத்தீவில் இருந்தபோது யோகமலர் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். அங்கே அரிசியும் மருந்தும் கண்ணில் படாத காலம் வந்தபோது, கணவனோடும் மகள் நிரோஜாவோடும் படகேறி வந்துவிட்டாள். மண்டபத்தில் சில காலம் வைத்திருந்துவிட்டு, கடலூர் முதுநகருக்கு அப்பால் இருந்த முகாமில் ஒரு அறை கொடுத்தார்கள். அந்த முகாமுக்கு மீன் கொண்டுவருகிற மாரியம்மாள், சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை காலியாக இருப்பதைக் கேள்விப்பட்டு யோகமலருக்காகச் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

இந்த நேரத்தில்தான் மானம் காப்போர் மன்றம் வந்து சேர்ந்தது.

கடலூரில் தலைமையகமும் சிதம்பரத்தில் கிளையும் கொண்ட இந்த மன்றம், அகதிகளுக்கு ஆடை வழங்கி, புதிய ஊரில் அவர்களைத் தலைநிமிர்ந்து வாழச் செய்வதற்காக ஏற்படுத்தப்பட்டது. ஆனால் முகாமில் இருந்த பழைய குடும்பங்கள் வேலைக்குப் போய், தங்கள் துணியைத் தாங்களே வாங்கிக் கட்டிக்கொண்டு மன்றத்தை ரொம்பவும் சங்கடப்படுத்தி வந்தன. புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் தலைவர் ஜெயப்பிரகாஷ் வீட்டில் பாயசம் வைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். அது மிகை. கேசரி மட்டும்தான்.

வியாழக்கிழமை மன்றத்தின் செயலாளர் சுப்புரத்தினம் முகாமுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சாதாரணமாகப் பேசும்போது சாதாரணமாகப் பேசுவார். ஒலிபெருக்கியைக் கண்டால் வேறு மனிதர் ஆகிவிடுவார். கூடவே மன்றத்தின் புகைப்படக்காரர் ராஜகணேஷ்.

"உங்களுக்கு இன்னாம்மா தேவை? கூச்சப்படாம சொல்லுங்க" என்றார் சுப்புரத்தினம்.

"ஒண்டும் வேண்டாம் ஐயா" என்றாள் யோகமலர். "உடுக்கச் சீலை கிடக்குது. திங்கக்கிழமை வேலைக்குப் போறன்."

சுப்புரத்தினத்தின் முகம் சுருங்கியது.

"வேணாம்னு சொல்லக்கூடாதும்மா. குடுக்க வந்தவங்க மனசு நோவும். எங்க, இருக்கறதக் காட்டுங்க."

அவள் கொடியில் கிடந்த நைலக்ஸைக் காட்டினாள். அவருக்குத் திருப்தி. பிறகு பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்துக் காட்டினாள். ராஜகணேஷ் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

"இது இன்னா சார், கடை மாதிரி இருக்கு" என்றார்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க" என்று சுப்புரத்தினம் பொறுமையாக விளக்கினார். "எங்க மன்றத்து விதிப்படி, கட்டியிருக்கற துணி மட்டும் இருந்தா முழு அகதி. மாத்துத் துணி இருந்தா அரை அகதி. அரை அகதிய மேடையில ஏத்த முடியாது."

"அப்ப எனக்கு மேடை வேண்டாம் ஐயா."

"மேடை உங்களுக்கு இல்லம்மா, எங்களுக்கு. அழைப்பிதழ் அடிச்சாச்சு. 'முழு அகதிக் குடும்பத்துக்கு ஆடை வழங்கும் மாபெரும் விழா'ன்னு போட்டிருக்கு. சனிக்கிழமை கடலூர், ஞாயித்துக்கிழமை சிதம்பரம். பெரிய மனுஷங்க எல்லாம் தேதி குடுத்துட்டாங்க. இப்பப் போயி அரைன்னு சொன்னா நல்லா இருக்குமா?"

யோகமலர் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. இந்தச் சேலைய விழா முடியற வரைக்கும் மன்றத்துல பத்திரமா வச்சிருப்போம். முடிஞ்சதும் உங்க கையில. நாளப்பின்ன முகாம்ல உங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்றதும் நாங்கதானே?"

நான்கு நல்ல வார்த்தை சொல்லக்கூடியவர் நான்கு கெட்ட வார்த்தையும் சொல்லக்கூடியவர் என்பதைப் படகில் வந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் சேலையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். போகிறபோது ராஜகணேஷ் திரும்பி நைலக்ஸைப் பார்த்தார்.

"அக்கா, இதுலயும் ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருந்தா ஃபோட்டோவுக்கு நல்லாருக்கும். முடிஞ்சாப் பாருங்க."

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மஞ்சக்குப்பத்தில் தலைவருக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில் நன்கொடைத் துணிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. கடலூர் மக்கள் தாராளமானவர்கள். ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர்கள் வந்திருந்தன. பட்டமளிப்பு விழாக் கறுப்பு அங்கி வந்திருந்தது. ஒரு கை இல்லாத மாப்பிள்ளை ஷெர்வானி வந்திருந்தது. சிதம்பரத்திலிருந்து பரதநாட்டிய உடை ஒன்று, விசிறி மடிப்போடு வந்திருந்தது. இவற்றுக்கு நடுவே, தப்பித் தவறி யாரோ நல்ல சேலைகளும் கொடுத்திருந்தார்கள். தலைவரின் மகள் பிரீதாவின் தலைமையில் தரம் பிரிக்கும் குழு ஒன்று உட்கார்ந்து, அந்த நல்ல சேலைகளைத் தனியே பொறுக்கி எடுத்துக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தது.

"அதுகள் ஆருக்கு?" என்று யோகமலர் கேட்டாள்.

"நல்ல துணி குடுத்தா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல ஆன்ட்டி? சுயமரியாதை பாதிக்கும்" என்றாள் பிரீதா. "அதான் நாங்களே வச்சுக்கிறோம்."

ஒத்திகையை சுப்புரத்தினம் நடத்தினார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கும்போது கொடுப்பவரைப் பார்க்கக்கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும். முதுகு வளைய வேண்டும், ஆனால் தலைவரின் முகத்தை மறைக்கும் அளவுக்கு வளையக்கூடாது. கண்ணில் தண்ணீர் நிற்க வேண்டும், விழக்கூடாது. விழுந்தால் அழுகை, நின்றால்தான் நன்றி. சிறுமி நிரோஜா எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே செய்தாள். அவளுக்கு அந்தப் பரதநாட்டிய உடையின் மேல் ஒரு கண்.

"பாப்பாவுக்குக் காலையில சாப்பாடு குடுக்காம கூட்டியாங்க. முகம் சரியா வரும்" என்று ராஜகணேஷ் யோகமலரிடம் மெல்லச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. தொழில் தெரிந்தவர்.

சனிக்கிழமை விழா நடந்தது. மேடையில் நாற்காலி போதவில்லை. வந்திருந்த பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டியது அகதிகளின் கடமை என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. யோகமலரும் தவராசாவும் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் போர்த்திக்கொண்டே போனார்கள். கடைசி ஆளை அடைவதற்குள் முதல் வரிசையில் புதிதாக மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடியும் போர்த்தினார்கள். அன்றைய ஆடை வழங்கும் விழாவில் மதியம் வரைக்கும் ஆடை வாங்கியவர்கள் எல்லாம் மேடைக்காரர்கள்தான்.

பிறகு தலைவர் ஜெயப்பிரகாஷ் பேசினார்.

"எங்க வீட்டுல பழைய துணி மூட்டை மூட்டையா கிடந்துச்சு. எரிக்கலாம்னா பக்கத்து வீட்டுக்காரன் புகை வருதுன்னு சண்டைக்கு வர்றான். ஆத்துல போடலாம்னா கேஸ் போடறான். இன்னா பண்றதுன்னு தூக்கமே இல்ல. அப்பத்தான் ஆண்டவன் பார்த்து இந்த அகதிங்கள அனுப்பினான். அவுங்க கஷ்டப்பட்டு கடல் தாண்டி வந்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சொல்றேன், அவுங்க எங்க கஷ்டத்தத் தீர்க்க வந்தாங்க. இலங்கையில இந்தக் கஷ்டம் இன்னும் ஜாஸ்தியாகணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா, ஆச்சுன்னா நம்ம மன்றம் தயாரா இருக்கு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு பொட்டலம் வழங்கினார்கள். வண்ணக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, மேலே தலைவரின் படம் ஒட்டிய பொட்டலம். ஒத்திகையில் சொன்னபடி யோகமலர் வளைந்தாள், கேமராவைப் பார்த்தாள். கண்ணீர் தானாகவே வந்து நின்றது. காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் மன்றத்து ஆள் ஒருவர் கையை நீட்டினார்.

"பொட்டலத்தக் குடுத்துருங்கம்மா."

"தந்தது எங்களுக்கெல்லோ?"

"உங்களுக்குத்தான். நாளைக்கு சிதம்பரத்துல மறுபடியும் உங்களுக்கே குடுப்பாங்க. பிரிச்சிடாதீங்க, ரிப்பன் கசங்கிடும்."

யோகமலர் சுப்புரத்தினத்தைத் தேடிப் பிடித்தாள். அவர் மேலே நான்கைந்து பொன்னாடைகள் கிடந்தன.

"ஐயா, விழா முடிஞ்சுது. என்ர வெள்ளைச் சீலையைத் தாங்கோ."

"அது சிதம்பரம் போயிருக்கும்மா. கிளைத் தலைவி சிவகாமியம்மாள் ஆசைப்பட்டுக் கேட்டாங்க. நாளைக்கு அங்க வாங்கிக்கலாம்."

"அந்த அம்மாவுக்கு ஏன் என்ர சீலை?"

"கலைக்கு" என்றார் சுப்புரத்தினம்.

அன்று சாயங்காலம் மாரியம்மாள் காலிக் கூடையோடு அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி குடுத்தானுங்க?"

"தந்தவை. பிறகு திருப்பி வாங்கிப் போட்டினம்."

"வெள்ளைச் சேலை?"

"அதையும் கொண்டு போட்டினம்."

மாரியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "சுனாமியில எங்க குப்பத்துக்கும் இப்பிடித்தான் துணி கொண்டாந்து கொட்டனானுங்க. கோட்டு, சூட்டு, பொம்பளைங்களுக்கு ஜீன்சு. மீனு விக்கறவ கோட்டு போட்டுக்கினா விக்க முடியும்? நீ நாளைக்கு அங்க போயி வாயத் தொறந்து கேளு. குடுக்கலன்னா புடுங்கிக்கினு வா. உன் துணிதானே, அதுக்கு இன்னா பயம்? திங்கக்கிழம நீ போவலன்னா அந்த வேலைக்கு இன்னும் பத்துப் பேரு நிக்கறாளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் வேனில் யோகமலரை மட்டும் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனார்கள். தவராசாவின் முகத்தில் போதுமான சோகம் இல்லை, நிரோஜா சிரிக்கிறாள் என்று ராஜகணேஷ் அறிக்கை கொடுத்திருந்தார்.

தெற்கு வீதியில் இருந்த மண்டபத்தின் முன்கூடத்தில் 'கண்ணீர்க் கூடம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விளக்கு. விளக்கின் கீழே யோகமலரின் சேலை.

முந்தானைப் பக்கம் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. நடுவில் பழுப்பும் சிவப்புமாகப் பெரிய கறை. பக்கத்தில் ஒரு அட்டை: 'இலங்கையிலிருந்து தப்பி வந்த தாய் ஒருத்தி, படகில் உடுத்தியிருந்த சேலை. இந்தக் கறையைக் கேளுங்கள், கதை சொல்லும்.' ஜனங்கள் வரிசையில் வந்து, பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அருகில் வைத்திருந்த கும்பாவிலிருந்து கல்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

யோகமலருக்கு முதலில் அது தன்னுடைய சேலைதானா என்று சந்தேகமாக இருந்தது. கரையில் ஓடிய மெல்லிய நீலக்கோட்டைப் பார்த்துத்தான் நிச்சயமாயிற்று. சாய்ந்து நிற்க எதையாவது தேடினாள். கடலில் படகு ஆடியபோதுகூட அப்படித் தேடியதில்லை. அங்கே பிடித்துக்கொள்ள ஒரு பலகையாவது இருந்தது.

கிளைத் தலைவி சிவகாமியம்மாள் பட்டுப்புடவை சரசரக்க வந்தார். நடராஜர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

"நீதானாம்மா அது? பார்த்தியா, எப்படி வச்சிருக்கோம் பார்த்தியா?"

"அம்மா, இது படகிலை கட்டின சீலை இல்லை. போன மாசம் முதுநகரிலை வாங்கினது. ஆர் இதைக் கிழிச்சது?"

"ராஜகணேஷ்தான். நான்தான் சொன்னேன். முழுசா இருந்தா யாரும்மா அழுவாங்க? துணிக்கடை ஷோகேஸ் மாதிரி இருந்துச்சு."

"இந்தக் கறை?"

"டிகாஷன்" என்றார் சிவகாமியம்மாள் பெருமையோடு. "முதல்ல பீட்ரூட் பார்த்தோம். சிவப்பு ஜாஸ்தியாப் போச்சு, நம்பற மாதிரி இல்ல. அப்புறம் எங்க வீட்டு டிகாஷன கொஞ்சம் கலந்து ஊத்தினேன். முதல் டிகாஷன்மா. அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் ரெண்டாவது டிகாஷன்தான் குடிச்சாரு. உனக்காக."

"எனக்கு நாளைக்கு வேலை, அம்மா. இதைக் கட்டிக்கொண்டுதான் போகோணும்."

சிவகாமியம்மாள் அவள் தோளைத் தொட்டார். "இது இனிமே உன் சேலை இல்லம்மா. உங்க சமுதாயத்தோட சேலை. அதுக்கு நீ உரிமை கொண்டாடறது சுயநலம்."

உள்ளே விழா தொடங்கியது. பொன்னாடைகள் முடிந்தன. முந்தைய நாள் வாங்கிய அதே பொட்டலத்தை யோகமலர் மறுபடியும் வாங்கினாள். ரிப்பன் கசங்காமலே இருந்தது. பிறகு நன்றி சொல்வதற்காக அவளை ஒலிபெருக்கியின் முன்னால் நிறுத்தினார்கள். சுப்புரத்தினம் இன்னொரு ஒலிபெருக்கியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரியோர்களே, இலங்கைத் தமிழ் நம் செவிக்குச் சற்றே கடினமானது. ஆகவே அன்னை சொல்வதை அடியேன் எளிய தமிழில் எடுத்துரைப்பேன்."

யோகமலர் சபையைப் பார்த்தாள். மாரியம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். வெளியிலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடக்கிறது என்ர சீலை."

"'என் மானத்தை இம்மன்றம் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றது' என்கிறார்" என்றார் சுப்புரத்தினம். கைதட்டல்.

"அதைக் கிழிச்சது இவையள்தான். போன கிழமை அது முழுசாக் கிடந்தது."

"'கிழிந்து கிடந்த என் வாழ்வை ஒரே கிழமையில் முழுமையாக்கியவர்கள் இவர்களே!'"

"ஐயா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"'என்னால் சொல்ல இயலவில்லை, சொற்கள் இல்லை' என்று தழுதழுக்கிறார்."

முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். யோகமலர் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு வேலை கிடக்குது. இந்தச் சீலை இல்லையெண்டால் அந்த வேலை இல்லை."

"'நாளை என்று எனக்கு ஒன்று உண்டென்றால், அது இந்தச் சேலையால்தான்!'"

"உங்களுக்கெல்லாம் நான் கதைக்கிறது விளங்குதுதானே? நீங்களும் தமிழ்தானே?" அவள் சபையைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "என்ர சீலையைத் தாங்கோ."

சபை ஒரு கணம் அசையாமல் இருந்தது. ஒருவேளை புரிந்துவிட்டதோ என்று யோகமலர் நினைத்தாள். அப்படித்தான் சுப்புரத்தினமும் பயந்திருக்க வேண்டும். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனால் முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவர்.

"தாங்கோ!" என்று அவர் முழங்கினார். "என்ன அருமையான சொல்! தாங்குங்கள்! விழுந்துவிடாமல் எங்களைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்! சீலை எப்படி உடலைத் தாங்குகிறதோ, அப்படித் தாங்குங்கள் என்கிறார்!"

மண்டபமே எழுந்து நின்றது. ஆண்களும் அழுதார்கள். 'தாங்குவோம், தாங்குவோம்' என்று பின்வரிசையிலிருந்து குரல்கள் வந்தன. சிவகாமியம்மாள் மேடையிலேயே யோகமலரைக் கட்டிக்கொண்டார். அவர் கழுத்துச் சங்கிலி அவள் கன்னத்தில் அழுந்தியது.

"இந்த உணர்ச்சிமிகு தருணத்தில்," என்றார் சுப்புரத்தினம், "அந்தச் சேலைக்காக நாம் அனைவரும் எழுந்து நின்று, கண்களை மூடி, இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மேடையில் இருந்தவர்கள் இன்னும் இறுக்கமாக மூடினார்கள், ராஜகணேஷ் படம் எடுத்துக்கொண்டிருந்ததால். அவரோ முன்வரிசையில் மண்டியிட்டு, தலைவரின் மூடிய கண்களை நெருக்கத்தில் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

யோகமலர் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, பக்கவாட்டுப் படிகளில் இறங்கினாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. முன்கூடத்தில் காவலுக்கு இருந்தவரும் கைகட்டி, கண்மூடி நின்றிருந்தார். அவள் கண்ணாடி மூடியைத் தூக்கினாள், சேலையை எடுத்தாள், மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினாள். சேலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு தெற்கு வீதியில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. ஓடவில்லை. ஓடினால் திருடி என்று நினைப்பார்கள் என்பதற்காக, பஸ் நிலையம் வரைக்கும் வேகமாக மட்டும் நடந்தாள்.

அன்று மாலை அவள் சேலையை மூன்று தண்ணீரில் அலசினாள். பீட்ரூட் போயிற்று. டிகாஷன் போகவில்லை. அது முதல் டிகாஷன். கிழிசலை உட்புறமாக மடித்து, பொடித் தையலாகத் தைத்து, கொசுவத்துக்குள் வருகிறமாதிரி கட்டிப் பார்த்தாள். கிழிசல் மறைந்தது. கறை மடியில் வந்து உட்கார்ந்தது. அதை மறைத்தால் கிழிசல் வெளியே வந்தது.

"கறை தெரியுது" என்றான் தவராசா.

"தெரிஞ்சால் என்ன? வெள்ளைதானே கேட்டவை. வெளுப்பாய்த்தானே கிடக்குது."

"என்னவும் கேட்டால்?"

"கோப்பி சிந்தினதெண்டு சொல்லுவன். பொய் இல்லையே."

அன்றைக்குத்தான் பல நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நிரோஜா காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை, சொன்ன நேரத்துக்கு முன்பே யோகமலர் மருத்துவமனையில் இருந்தாள். அங்கே ஆயாக்களை எடுப்பதும் அனுப்புவதும் தலைமை நர்ஸ் மாலதியின் பொறுப்பு. மெல்லிய குரலில் பேசுகிற, எல்லோரையும் உட்காரச் சொல்கிற அம்மாள்.

"உக்காரும்மா. மாரியம்மா சொன்ன பொண்ணுதானே? முன்ன எங்கியாவது வேலை பார்த்திருக்கியா?"

"ஓம் அம்மா. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியிலை, பொம்பிளையள் வார்டிலை."

"அப்படியா!" மாலதிக்குச் சந்தோஷம். "பேஷண்ட தூக்கி உக்கார வைக்கத் தெரியுமா? பெட்ஷீட் மாத்துவியா?"

"ஆள் படுத்திருக்கேக்கையே மாத்துவன்."

"பரவாயில்லியே. நம்ம பொண்ணுங்களுக்கே அது சரியா வரல. இன்னிக்கே சேர்ந்துக்கிறியா?"

"ஓம் அம்மா."

எழுந்து நிற்கச் சொன்னார், சேலை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று காட்டுவதற்காக. அப்போதுதான் மாலதியின் பார்வை மடியில் இருந்த கறையில் விழுந்தது. அங்கிருந்து கரையில் ஓடிய நீலக்கோட்டுக்குப் போனது. மறுபடியும் கறைக்கு வந்தது. அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"இந்தச் சேலை..."

"தோய்ச்சனான் அம்மா. போகேல்லை. கோப்பி..."

"நேத்து தெற்கு வீதியில இந்தச் சேலையக் கண்ணாடிப் பெட்டியில பார்த்தேன்" என்றார் மாலதி. "எவ்ளோ அழுதேன் தெரியுமா? வீட்டுக்குப் போயும் சோறு எறங்கல. அந்தத் தாய் எப்படியெல்லாம் தவிச்சிருப்பான்னு ராத்திரி பூரா அதே நெனப்பு. மௌன அஞ்சலி முடிஞ்சு வெளிய வந்து பார்த்தா பெட்டி காலி. யாரோ திருடிட்டாங்கன்னு சொன்னாங்க."

"திருடேல்லை அம்மா. இது என்ர சீலை."

"அது அந்தத் தாயோட சேலைம்மா."

"அந்தத் தாய் நான்தான்."

மாலதி அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் பொட்டு, கையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கு. அவருக்கு அதில் எதுவும் சரியாகப் படவில்லை.

"நீயா?" என்றார் மெல்ல. "இல்லம்மா. அந்தத் தாய் இப்படிச் செய்ய மாட்டா. அவ்ளோ பேரு கண்ணீர் விட்ட பொருள எடுத்து, தோய்ச்சு, தச்சு, வேலைக்குக் கட்டிக்கிட்டு வருவாளா? எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?"

"அம்மா, மேடையிலை கதைச்சதும் நான்தானே. நீங்கள் என்னைக் காணேல்லையோ?"

"மேடையில பேசினவங்க எவ்ளோ பாவமா இருந்தாங்க" என்றார் மாலதி. "இது ஆஸ்பத்திரிம்மா. பேஷண்டுங்க நகை நட்டோட வருவாங்க. கை நீளமா இருக்கறவள உள்ள விட முடியாது. நான் மன்றத்துக்கு ஃபோன் பண்ண மாட்டேன், போலீசுக்கும் சொல்ல மாட்டேன். அது என்னால முடிஞ்ச உதவி. நீ கிளம்பு."

யோகமலர் கிளம்பவில்லை. தூக்கைக் கீழே வைத்தாள். சுவரோரம் ஒரு பெரிய பை இருந்தது. வாய் திறந்து, உள்ளே மடித்து அடுக்கிய துணிகள் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைச் சேலை, நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டது. மாலதியின் பழைய யூனிஃபார்ம் சேலையாக இருக்க வேண்டும்.

"அம்மா," என்றாள் யோகமலர். "இந்தச் சீலையிலை கறை கிடக்கிறதுதானே உங்களுக்குப் பிடிக்கேல்லை. கழட்டி இங்கையே வைச்சிட்டுப் போறன், மன்றத்துக்கே குடுங்கோ. அந்தப் பைக்குள்ளை இருக்கிற வெள்ளைச் சீலையைத் தாறியளோ? இண்டைக்கே வேலை செய்யிறன். ஒரு கிழமை செய்யிறன், கூலி வேண்டாம். பிறகு பாருங்கோ நான் எப்பிடிப்பட்ட ஆளெண்டு."

மாலதி பதறிப்போய் பையின் அருகே வந்து நின்றுகொண்டார்.

"ஐயோ, அது அகதிங்களுக்கு எடுத்து வச்சதும்மா."

"நான் அகதிதானே அம்மா."

"இருக்கலாம். ஆனா அப்படியெல்லாம் கையில தூக்கிக் குடுத்துட முடியுமா? எல்லாம் மன்றம் வழியாத்தான்." அவர் குரல் மறுபடியும் இளகியது. அவள் கையைப் பிடித்தார். அந்தக் கை உண்மையிலேயே கதகதப்பாக இருந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை திருவந்திபுரத்துல விழா வச்சிருக்காங்க. நீ அங்க மேடைக்கு வந்துடு. நானே என் கையால இந்தச் சேலைய உனக்குத் தர்றேன். போதுமா?"

யோகமலர் கையை விடுவித்துக்கொண்டாள். தூக்கை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள்.

"ஒரு நிமிஷம்மா" என்று மாலதி பின்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அன்னிக்குப் பொட்டு வச்சுக்கிட்டு வராத. பார்க்கறவங்களுக்கு அழுகை வராது."

வேலைக்கு அன்று மதியமே வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவள் பச்சைச் சேலையில்தான் வந்திருந்தாள். வெள்ளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.